ரயில் சரக்கு முனையம்: இயக்கமும் வளர்ச்சியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் சரக்கு முனையம் என்று எதைச் சொல்கிறோம்?

சரக்கு ஒரு வாகனத்தை விட்டு இன்னொரு வாகனத்துக்கு மாறுகிற இடத்தில், அவ்விரண்டில் ஒன்று ரயிலாக இருக்குமானால் அந்த இடம் ரயில் சரக்கு முனையம். லாரியில் வந்த கன்டெய்னர் வேகனில் ஏறுவதும், வேகனில் வந்த நிலக்கரி குழிக்குள் கொட்டப்பட்டுக் கன்வேயர் வழியாக நகர்வதும், தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய கார்கள் சாய்தளம் வழியாக இரண்டடுக்கு வேகனுக்குள் ஓட்டப்படுவதும் முனைய வேலைகளே.

கிடங்கையும் முனையத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கிடங்கில் சரக்கு நெடுநாள் இருந்தால் கிடங்குக்காரருக்கு வாடகை சேரும். முனையத்தில் சரக்கு நெடுநாள் இருந்தால் அடுத்து வரும் ரயிலுக்கு இடமில்லாமல் போகும். ஆகவே முனையம் உண்மையில் விற்பது இடத்தை அன்று, நேரத்தை. இதை மனத்தில் கொண்டால் கீழே வரும் பெரும்பாலான விடைகள் தாமாகவே விளங்கும்.

மார்ஷலிங் யார்டும் ஒரு முனையம்தானா?

இல்லை. மார்ஷலிங் யார்டில் வேகன்கள் பிரிக்கப்பட்டு, போய்ச் சேரும் ஊரின்படி புதிய ரயில்களாகக் கோக்கப்படுகின்றன. சரக்கை யாரும் தொடுவதில்லை. 1977இல் ஹாம்பர்க் அருகே திறக்கப்பட்ட மாஷன் யார்டும், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்திருக்கும் பெய்லி யார்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. முழு ரயிலாக ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் முழு ரயிலாகவே போய்ச் சேரும் முறை பரவிய பிறகு, பல நாடுகளில் யார்டுகளின் முக்கியத்துவம் குறைந்து முனையங்களின் முக்கியத்துவம் கூடியது.

எல்லாச் சரக்குகளுக்கும் ஒரே முனையம் போதுமா?

சிறிய ஊர்களில் போதும். சிமென்ட் மூட்டையும் உரமும் இரும்புக் கம்பியும் ஒரே மேடையில் இறங்கும் முனையங்கள் இன்றும் ஏராளம். சரக்கின் அளவு கூடும்போது வகைகள் பிரிந்துவிடும். நிலக்கரி, இரும்புத்தாது போன்றவற்றுக்கு அடிக்கதவு திறந்து கொட்டும் வேகன்களோ, வேகனையே பிடித்துக் கவிழ்க்கும் இயந்திரமோ வேண்டும். ரயில் நிற்காமல் மெதுவாக நகர்ந்தபடியே ஏற்றவும் இறக்கவும் வசதியாக, அங்கே பாதையை வளையமாகவே போட்டுவிடுவார்கள். எண்ணெய்க்குக் குழாய்களும் தீயணைப்பு ஏற்பாடுகளும் வேண்டும். தானியத்துக்கு மழை படாத கூரை வேண்டும். தூசு பறக்கும் சரக்கையும் உணவுப் பொருளையும் அடுத்தடுத்த பாதைகளில் கையாள நேர்ந்தால், இரண்டின் உரிமையாளர்களும் முனையத்தைக் குறை சொல்வார்கள். அந்தக் குறையில் நியாயமும் இருக்கும். இப்பக்கத்தில் பெரும்பாலும் கன்டெய்னர் முனையங்களைப் பற்றியே பேசுகிறோம்.

கன்டெய்னர் ஏன் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது?

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 கன்டெய்னர் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதை நவீன கன்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆனால் ரயில் முனையத்தின் கண்ணோட்டத்தில் அந்தப் பயணத்தைவிடப் பின்னர் வந்த அளவுகளின் ஒருமைப்பாடே பெரிது. 20 அடிப் பெட்டி 6.058 மீட்டர் நீளமும் 2.438 மீட்டர் அகலமும் உடையது. 40 அடிப் பெட்டி 12.192 மீட்டர் நீளம். எட்டு மூலைகளிலும் ஒரே வடிவிலான எஃகு வார்ப்புகள் உள்ளன. உலகின் எந்த மூலையிலிருந்து வந்த பெட்டியாக இருந்தாலும் அதே கிரேன் தூக்கும், அதே வேகன் சுமக்கும், அதே பூட்டு இறுக்கும் என்ற நிலை அதனால்தான் உண்டானது. முனையத்தின் திறனை அளக்கும் அலகும் 20 அடிப் பெட்டிதான்; 40 அடிப் பெட்டி இரண்டு அலகாகக் கணக்கிடப்படும்.

ஒரு ரயில் உள்ளே வருவது முதல் வெளியேறுவது வரை என்ன நடக்கிறது?

வேலை ரயில் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த வேகனில் எந்தப் பெட்டி, அதன் எடை எவ்வளவு, அதில் அபாயகரமான பொருள் உண்டா, அதை எடுத்துச் செல்லும் லாரி எப்போது வரும் ஆகிய விவரங்கள் முன்கூட்டியே முனையத்தின் கணினிக்கு வந்து சேர வேண்டும். இந்தப் பட்டியல் தவறாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கிரேனும் அதைச் சரிசெய்யாது.

ரயில் முதலில் வருகைப் பாதையில் நிறுத்தப்படுகிறது. அங்கே நெடுந்தூர என்ஜின் கழற்றப்பட்டு, வளாகத்துக்குள் வேகன்களை நகர்த்தும் ஷன்டிங் என்ஜின் அந்த ரயிலை, பெட்டிகளை ஏற்றி இறக்கும் ‘கையாளும் பாதை’க்குத் தள்ளிச் செல்கிறது. ரயில் நகராதபடி பிரேக்கும் சக்கரக் கட்டையும் உறுதிசெய்யப்பட்ட பிறகு, ஊழியர்கள் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் சீலையும் வெளிப்புறச் சேதத்தையும் பார்க்கிறார்கள். பெரிய முனையங்களில் ரயில் நுழையும் வாயிலிலேயே கேமராக்கள் எண்களைப் படித்துவிடுகின்றன.

அடுத்து இறக்குதல். லாரி தயாராக நின்றால் பெட்டி வேகனிலிருந்து நேராக லாரிக்குப் போகலாம். ஒரு பெட்டிக்கு ஒரே தூக்கு. இல்லையெனில் அடுக்குத் தளத்தில் வைத்து, லாரி வரும்போது மீண்டும் எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு தூக்கு. தேடும் பெட்டி அடுக்கின் அடியில் இருந்தால் மேலே உள்ளவற்றை நகர்த்தும் வீண் தூக்குகளும் சேரும். முனையத்தின் நேர்த்தியை அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது இந்த வீண் தூக்குகளின் எண்ணிக்கையைத்தான் என்பது என் கருத்து.

ஏற்றும்போது திட்டமிடல் இன்னும் நுணுக்கமானது. வேகனின் நீளம், அதன் மீதுள்ள பூட்டுமுனைகளின் இடம், அச்சுப் பளு வரம்பு, இரு முனைகளுக்கும் எடை சமமாகப் பகிரப்படுவது, அபாயகரமான பொருள்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி ஆகிய எல்லாவற்றையும் பார்த்தே பெட்டிகளின் வரிசை தீர்மானிக்கப்படுகிறது. பிறகு பூட்டுகள் சரிபார்க்கப்பட்டு, வேகன் பரிசோதகர் சக்கரம், ஸ்பிரிங், இணைப்பு ஆகியவற்றைப் பார்வையிட்டு, என்ஜின் இணைக்கப்பட்டதும் பிரேக் சோதனை நடக்கும். அதன் பின்னர் முதன்மைப் பாதையில் தனக்குரிய நேரத்துக்காக ரயில் காத்திருக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால், பயணிகள் ரயில்கள் நெருக்கமாக ஓடும் தடத்தில் அடுத்த வாய்ப்பு சில மணி நேரம் கழித்தே கிடைக்கலாம். முனையத்துக்குள் பத்து நிமிடத் தாமதம் வெளியே பல மணி நேரமாகப் பெருகுவது இப்படித்தான்.

ரீச் ஸ்டேக்கர், பெரிய கேன்ட்ரி கிரேன் ஆகிய இரண்டில் எது நல்லது?

சரக்கின் அளவே இதைத் தீர்மானிக்கும். ரீச் ஸ்டேக்கர் என்பது நீளும் கையுடைய பெரிய ரப்பர் சக்கர வாகனம். முன்வரிசையில் 45 டன் வரை தூக்கும், எங்கும் ஓட்டிச் செல்லலாம், வாங்கிய மறுநாளே வேலையைத் தொடங்கலாம். தொடக்க நிலையில் உள்ள முனையத்துக்கு அதுவே பொருத்தம். அதன் குறை நிலத்தில் தெரியும். அதன் சொந்த எடையே ஏறத்தாழ 70 டன். முழுச் சுமையுடன் முன் அச்சில் 100 டன் அளவுக்குப் பளு இறங்கும். சாதாரணச் சாலைக்குப் போடும் தளம் அதன் கீழ் விரைவிலேயே பள்ளமாகிவிடும். மேலும், அது திரும்புவதற்கு அகலமான இடைவழி வேண்டும். அந்த இடைவழியில் பெட்டி அடுக்க முடியாது.

தண்டவாளத்தின் மீது ஓடும் கேன்ட்ரி கிரேன், பல ரயில் பாதைகளையும் அடுக்கு வரிசைகளையும் லாரிப் பாதையையும் ஒரே வளைவுக்குள் அடக்கிக்கொள்ளும். குறைந்த நிலத்தில் அதிகப் பெட்டிகளைக் கையாளலாம், மின்சாரத்தில் இயங்கும், தானியங்கி முறைக்கும் எளிதில் மாறும். ஆனால் முதலீடு பெரிது. ஒருமுறை தண்டவாளம் போட்ட இடத்தை விட்டு அது நகராது. பாதைகள் நேராக இல்லாத மனையில் அதற்கு வேலையே இல்லை.

ஐரோப்பாவில் லாரி டிரெய்லர்களையே முழுதாகத் தூக்கி வேகனில் வைக்கும் வழக்கம் உண்டு. அதற்குக் கிரேனில் நான்கு பிடிகரங்களும், டிரெய்லரின் அடியில் வலுவூட்டிய பிடிப்பிடங்களும் தேவை. அவ்வாறு வலுவூட்டாத டிரெய்லர்களுக்காகவே, நடுப்பகுதி திரும்பி லாரிக்கு வழிவிடும் வேகன்கள் பிரான்சில் உருவாக்கப்பட்டன.

மின்மயமான பாதையாக இருந்தும் முனையத்துக்குள் மேல்நிலை மின்கம்பி ஏன் இருப்பதில்லை?

மேலிருந்து பெட்டியைத் தூக்கும் இடத்தில் உயர் அழுத்த மின்கம்பி குறுக்கே நிற்கக்கூடாது என்பதுதான் காரணம். அதனால் கம்பி கையாளும் பாதையின் வாயிலோடு முடிந்துவிடும். மீதித் தொலைவுக்கு டீசல் ஷன்டிங் என்ஜின் வேண்டும். ஜெர்மானிய முனையங்கள் சிலவற்றில் அழகான ஒரு மாற்றுவழி உண்டு: மின் என்ஜின் தன் மின் தொடர்பை இறக்கிவிட்டு, ஏற்கெனவே பெற்ற வேகத்திலேயே ரயிலோடு உருண்டு உள்ளே வரும், மறுமுனையில் மீண்டும் கம்பியின் கீழ் போய் நிற்கும். கடைசிச் சில கிலோமீட்டருக்கு மட்டும் உதவும் சிறு டீசல் எந்திரத்தையோ பேட்டரியையோ தன்னுள்ளேயே வைத்திருக்கும் மின் என்ஜின்களும் இப்போது ஓடுகின்றன. என்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை நின்றாலே ஒவ்வொரு ரயிலுக்கும் கணிசமான நேரம் மிச்சமாகும்.

முனையத்தின் திறனை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கற்பனை முனையத்தை எடுத்துக்கொள்வோம். 4 கையாளும் பாதைகள். ஒவ்வொன்றிலும் நாளுக்கு 2 ரயில். ஒவ்வொரு ரயிலிலும் 90 அலகு இறங்கி 90 அலகு ஏறுகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாள். பாதைகளின் திறன் ஆண்டுக்கு 4,32,000 அலகு.

இனி அடுக்குத் தளம். தரையில் 1,200 இடங்கள், சராசரியாக இரண்டரை அடுக்கு உயரம் என்றால் ஒரே நேரத்தில் 3,000 அலகு நிற்கும். பெட்டி சராசரியாக 5 நாள் தங்கினால் ஒவ்வோர் இடமும் ஆண்டுக்கு 73 முறை பயன்படும். ஆக 2,19,000 அலகு. பாதைகளால் முடிந்ததில் ஏறத்தாழப் பாதிதான். தங்கும் காலம் 3 நாளாகக் குறைந்தால் அதே தளம் 3,65,000 அலகைக் கையாளும். ஒரு சதுர மீட்டர் நிலம்கூடக் கூடுதலாக வாங்காமல் கிடைத்த வளர்ச்சி இது. கட்டணமில்லாமல் தங்கும் நாள்களைக் குறைப்பது, அதற்கு மேல் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏற்றுவது, சுங்கச் சோதனையை முன்கூட்டியே முடிப்பது ஆகியவற்றால் இது சாத்தியமாகிறது.

இயந்திரங்களையும் பார்த்துவிடுவோம். 90 அலகு என்பது முப்பது 40 அடிப் பெட்டியும் முப்பது 20 அடிப் பெட்டியுமாக 60 பெட்டி என்றால், ஒரு ரயிலுக்கு 120 தூக்கு. மணிக்கு 20 தூக்கு செய்யும் ஓர் இயந்திரத்துக்கு 6 மணி நேரம். இரண்டு இயந்திரம் இருந்தால் 3 மணி நேரம். 8 ரயிலுக்கு 960 தூக்கு. லாரிப் பக்கத்துக்கும் அதே அளவு சேர்த்தால் நாளுக்கு 1,920. நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 5 இயந்திரம் தேவை. பழுது பார்ப்பில் ஒன்று நிற்கும் என்பதால் 6 வாங்க வேண்டும். முனையத்தின் திறன் என்பது பாதை, தளம், இயந்திரம், லாரி வாயில் ஆகிய நான்கில் எது சிறியதோ அதுவே. விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் எது பெரியதோ அது அச்சாகியிருக்கும்.

புதிய முனையத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நிலத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன், அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். முனையத்துக்கு நீளமான, குறுகிய, சமதளமான மனை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதன்மைத் தடங்கள் 740 மீட்டர் நீள ரயில்களைக் குறியாகக் கொண்டவை. இந்தியாவின் தனிச் சரக்குத் தடங்களில் 1,500 மீட்டர் நீள ரயில்கள் திட்டமிடப்பட்டன. வட அமெரிக்காவில் 2 கிலோமீட்டரைத் தாண்டும் ரயில்கள் சாதாரணம். கையாளும் பாதை ரயிலைவிடக் குறுகியதாக இருந்தால், ஒவ்வொரு ரயிலையும் இரண்டாகப் பிரித்து உள்ளே தள்ளி, மீண்டும் கோத்து, மீண்டும் பிரேக் சோதனை செய்ய வேண்டும். கட்டும்போது 200 மீட்டர் நிலத்தை மிச்சம் பிடித்தவர், முனையம் இயங்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு ரயிலிலும் அதற்கு வட்டி கட்டுகிறார்.

அடுத்தது சரிவு. எஃகுத் தண்டவாளத்தின் மீது எஃகுச் சக்கரம் மிகக் குறைந்த உராய்வில் உருளும். ரயில் போக்குவரத்தின் எரிபொருள் சிக்கனத்துக்கு அடிப்படையே அதுதான். அதே குணம், கண்ணுக்குத் தெரியாத சரிவிலும் வேகனை ஓடவைக்கும். நிலைய வளாகங்களில் 400க்கு 1 என்பதைவிடச் செங்குத்தான சரிவை இந்திய ரயில்வே பொதுவாக அனுமதிப்பதில்லை. 1,200க்கு 1 என்பதே பரிந்துரை. மேடுபள்ளமான மனையை இந்த அளவுக்குச் சமன்படுத்தும் மண்வேலைச் செலவு, மலிவாகக் கிடைத்த நிலத்தின் லாபத்தை விழுங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, முதன்மைப் பாதையோடு இணையும் விதம். இரு திசைகளிலிருந்தும் ரயில் நேராக உள்ளே வரமுடிந்தால் என்ஜினை மறுமுனைக்கு மாற்றும் வேலை இல்லை. ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இணைப்புப் பாயிண்ட் மிக மெதுவாகக் கடக்க வேண்டியதாக இருந்தால், முக்கால் கிலோமீட்டர் நீள ரயில் முழுதும் உள்ளே நுழையும் வரை முதன்மைப் பாதை அடைபட்டுக் கிடக்கும். ரயில்வே நிர்வாகம் அந்த முனையத்துக்கு நல்ல நேரங்களை ஒதுக்கத் தயங்கும். நெடுஞ்சாலை இணைப்பும் அவசியம்தான், ஆனால் சாலையைப் பின்னால் அகலப்படுத்திக்கொள்ளலாம். தவறான இடத்தில் அமைந்த ரயில் இணைப்பைத் திருத்துவது ஏறத்தாழ முனையத்தையே மறுபடி கட்டுவதற்குச் சமம்.

பெரிய கிடங்குகளோடு சேர்த்துத்தான் முனையம் கட்ட வேண்டுமா?

சேர்த்துக் கட்டினால் லாபம் உண்டு. பெட்டி ரயிலிலிருந்து இறங்கி அதே வளாகத்துக் கிடங்குக்குப் போனால், பொதுச் சாலையில் லாரி ஓடும் செலவு மறைகிறது. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய டேவன்ட்ரி முனையம் இவ்வகை வளாகத்துக்குப் பெயர் பெற்றது. அந்நாட்டின் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, 60 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும், நாளுக்குக் குறைந்தது 4 சரக்கு ரயில்களைக் கையாளும் வசதியும் உள்ள ரயில் சரக்கு மையம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டமாகக் கருதப்பட்டு அரசின் நேரடி ஒப்புதலுக்குப் போகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிடங்கு வாடகை உடனே வரும். ரயில் வருமானம் மெதுவாக வரும். ரயிலின் பெயரால் அனுமதி பெற்று, கிடங்குகளை முதலில் கட்டி, தண்டவாளத்தைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவைக்கும் ஆசை எல்லா நாடுகளிலும் எழக்கூடியதே. கிடங்குகளில் ஆள் குடியேறுவதற்கு முன் ரயில் இணைப்பு இயங்கத் தொடங்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை விதிப்பது நல்லது.

தண்டவாள அகலம் மாறும் எல்லைகளில் என்ன செய்கிறார்கள்?

சீனாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர், முன்னாள் சோவியத் நாடுகளில் 1,520, இந்தியாவில் 1,676. சீனாவுக்கும் கஜகஸ்தானுக்கும் இடையிலுள்ள கோர்கோஸ், பெலாரஸ் நாட்டு பிரெஸ்ட் நகரத்துக்கு எதிரே போலந்தில் உள்ள மவஷெவிச்சே போன்ற இடங்களில் இரு அகலப் பாதைகளும் ஒரே கிரேனின் கீழ் அடுத்தடுத்து ஓடுகின்றன; பெட்டி மட்டும் ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, வேகன்கள் அவரவர் நாட்டுக்குத் திரும்புகின்றன. தூக்கி வைப்பது எளிது. இரு பக்க ரயில்களின் நீளம் வெவ்வேறாக இருப்பதும், ஒரு பக்கம் வேகன் தயாராக இருக்கும்போது மறுபக்கம் இல்லாமல் போவதும்தான் அங்கே காத்திருப்பை உண்டாக்குகின்றன. சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து ஜெர்மனியின் டூயிஸ்பர்க் வரை 2011இல் தொடங்கிய ரயில் சேவை இவ்வாறு இருமுறை அகலம் மாறித்தான் போய்ச் சேர்கிறது.

ஒரு வேகனில் இரண்டு கன்டெய்னரை அடுக்கி அனுப்ப முடியாதா?

அமெரிக்காவில் 1980களிலிருந்து பெருமளவில் நடக்கிறது. இந்தியாவின் மேற்குத் தனிச் சரக்குத் தடத்தில், 7.5 மீட்டர் அளவு உயரத்தில் கட்டிய மின்கம்பியின் கீழேயே நடக்கிறது. ஐரோப்பாவின் பழைய சுரங்கப் பாதைகளும் பாலங்களும் அந்த உயரத்துக்கு இடம் தருவதில்லை. முனையத்துக்கு இதனால் வரும் விளைவு, ஒரே ரயிலுக்குத் தூக்குகள் இருமடங்காவது. இயந்திரங்களைக் கூட்டாமல் அடுக்கை மட்டும் கூட்டினால் ரயில் நிற்கும் நேரமும் இருமடங்காகும்.

வாயிலில் லாரிகள் நெடுநேரம் காத்திருப்பதைத் தவிர்க்க வழி உண்டா?

ரயில் வந்த செய்தி தெரிந்ததும் எல்லா லாரிகளும் ஒரே நேரத்தில் கிளம்பி வருவதுதான் நெரிசலுக்கு முதற்காரணம். நேர ஒதுக்கீட்டு முறையில் ஒவ்வொரு லாரியும் தனக்கான நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளும். பெட்டி எண், ஓட்டுநர் விவரம், சீல் ஆகியவை வருவதற்கு முன்பே பதிவாகியிருக்கும். இத்துடன், ஏற்றிக்கொண்டு வந்த லாரி காலியாகத் திரும்பாமல் இன்னொரு பெட்டியை எடுத்துச் செல்லும்படி ஒழுங்கு செய்தால் வாயிலைக் கடக்கும் லாரிகளின் எண்ணிக்கையே குறையும். ஆவணம் சரியில்லாத லாரி வரிசையை அடைத்து நிற்காமல் ஒதுங்கி நிற்க, வாயிலுக்கு முன்பே தனி இடம் கட்டாயம் விட வேண்டும். சிறிய விஷயம்தான், வரைபடத்தில் மறந்துபோவதும் இதுவே.

முனையத்தின் உரிமையும் இயக்கமும் யாரிடம் இருக்க வேண்டும்?

ரயில்வே, துறைமுகம், தனியார், உள்ளூராட்சி என எல்லா வகையும் உலகில் உண்டு. இந்தியாவில் 2021 டிசம்பரில் வெளியான கதி சக்தி சரக்கு முனையக் கொள்கை, தனியார் தம் நிலத்திலும் ரயில்வே நிலத்திலும் முனையம் அமைக்க வழி செய்தது. யார் உரிமையாளர் என்பதைவிட, எல்லா ரயில் நிறுவனங்களுக்கும் கதவு ஒன்றுபோலத் திறக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. ரயிலும் ஓட்டி முனையமும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், போட்டியாளரின் ரயிலை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டின் ரயில்வே நெறியாணையில் சரக்கு முனையங்களைப் பாகுபாடின்றி அணுகத்தக்க சேவை வசதிகளாகச் சேர்த்ததும், அணுகும் விதிமுறைகளையும் கட்டணங்களையும் வெளியிடச் சொன்னதும் இதனால்தான்.

பாதுகாப்பில் எது முதன்மையானது?

நிற்கும் ரயில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் நகரில் 47 பேர் உயிரிழந்த விபத்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலால் ஏற்பட்டதன்று. சரிவில் நிறுத்திவைக்கப்பட்ட 72 கச்சா எண்ணெய் டாங்கர்களைக் கொண்ட ரயிலில் போதிய ஹேண்ட் பிரேக்குகள் போடப்படாததால், என்ஜின் அணைக்கப்பட்டுக் காற்றழுத்தம் கசிந்தபோது அது தானாக உருண்டு நகரத்துக்குள் புகுந்தது. காற்று பிரேக்கை நம்பி ரயிலை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற விதியின் விலை அது.

முனையத்துக்குள் மற்ற அபாயங்கள் பெரும்பாலும் மனிதரும் இயந்திரமும் ஒரே தளத்தில் நடமாடுவதால் வருபவை. ரீச் ஸ்டேக்கர் ஓட்டுநருக்குப் பெட்டியைச் சுமந்திருக்கும்போது முன்பக்கப் பார்வை மறைகிறது. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, லாரி ஓட்டுநர்கள் இறங்கி நிற்கக் குறித்த இடம், ரயிலில் ஆட்கள் வேலை செய்யும்போது அந்தப் பாதைக்கான பாயிண்டைப் பூட்டி வைப்பது ஆகியவை பேரம் பேசக்கூடாத ஏற்பாடுகள். ஒரு பூட்டு விடுபடாமல் பெட்டியோடு வேகனும் மேலே எழும்பும் நிகழ்வு புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் முதல் சில சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

அருகில் குடியிருப்போரின் எதிர்ப்பை எப்படிக் கையாள்வது?

எதிர்ப்புக்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். முனையம் இரவில் இயங்கும், வெளிச்சம் பரவும், எஃகு மீது எஃகு மோதும் சத்தம் எழும், லாரிகள் கூடும். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் ரயிலின் இரைச்சல் கூடுகிறது. ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் 2020இல் அத்தகைய இரைச்சல் வேகன்களுக்குத் தடை கொண்டுவந்தன. அடுக்குத் தளத்தையே குடியிருப்புப் பக்கம் அமைத்துப் பெட்டிகளை ஒலிச்சுவராகப் பயன்படுத்துவது, விளக்குகளைத் தாழ்த்தி உள்நோக்கித் திருப்புவது, ஷன்டிங் என்ஜினை மின்கலத்துக்கு மாற்றுவது எல்லாம் பலன் தரும். மண்மேடும் மரவரிசையும் அழகுக்கு நல்லவை. மரங்கள் மட்டும் சத்தத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

எவ்வளவு தொலைவுக்கு மேல் ரயில் லாபகரம்?

முனையத்தில் ஏற்றி இறக்கும் செலவும் இரு முனைகளிலும் லாரிச் செலவும் தொலைவைப் பொறுத்து மாறுவதில்லை; ஆகவே தொலைவு கூடக் கூட ரயிலின் பக்கம் தராசு சாயும். 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய வெள்ளை அறிக்கை, 300 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் செல்லும் சரக்கில் 30 விழுக்காட்டை 2030க்குள் ரயிலுக்கும் நீர்வழிக்கும் மாற்றுவதை இலக்காக வைத்தது. ஆனால் அந்த எண்ணை விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து நாள்தோறும் முழு ரயில் நிரம்புமானால் 100 கிலோமீட்டரிலும் கணக்கு நேராகும். பாதி ரயில் காலியாகத் திரும்புமானால் 600 கிலோமீட்டரிலும் நேராகாது.

எல்லாமே தானியங்கி ஆகிவிடுமா?

கிரேன்கள் ஆகும், எண் படிக்கும் வேலை ஏற்கெனவே பல இடங்களில் ஆகிவிட்டது. வேகன்களை இணைப்பதுதான் பின்தங்கியிருக்கிறது. அமெரிக்கா 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவிலோ ஊழியர் இரு வேகன்களுக்கிடையே நுழைந்து திருகு இணைப்பைக் கையால் மாட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே இப்போது பேசப்படும் டிஜிட்டல் தானியங்கி இணைப்பு வேகனோடு காற்றையும் மின்சாரத்தையும் தகவலையும் சேர்த்து இணைக்கும் என்பதால், பிரேக் சோதனையின் நேரமும் வெகுவாகக் குறையும்.

விரிவாக்கத்தை எப்படிக் கட்டம் கட்டமாகத் திட்டமிடுவது?

எதைப் பின்னால் மாற்ற முடியாதோ அதை முதலிலேயே முழு அளவில் செய்துவிட வேண்டும்: முதன்மைப் பாதை இணைப்பு, சிக்னல் ஏற்பாடு, மண் சமன், மழைநீர் வடிகால், பாதைகளுக்கான முழு நீளம். எதைக் கூட்டிக்கொள்ளலாமோ அதைச் சிறிதாகத் தொடங்கலாம்: இரண்டு பாதை, இரண்டு ரீச் ஸ்டேக்கர், தளத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் கான்கிரீட். பின்னாளில் கேன்ட்ரி கிரேன் வரும் இடத்தில் அலுவலகக் கட்டடத்தையோ எடைமேடையையோ மின்மாற்றியையோ வைத்துவிடக் கூடாது. இயங்கும் முனையத்துக்குள் கட்டுமானம் நடத்துவது புது மனையில் கட்டுவதைவிடப் பன்மடங்கு சிரமம் என்பதால், வருங்காலக் கேபிள்களுக்கான வெற்றுக் குழாய்களை முதல் கட்டத்திலேயே தளத்துக்கு அடியில் புதைத்து வைப்பது மலிவான முன்யோசனை.

தொடக்க ஆண்டுகளில் போதிய ரயில்கள் வராவிட்டால்?

பெரும்பாலும் வராது. வாரம் ஒரு ரயில் என்றால் சரக்கு அனுப்புபவர் நம்பி வரமாட்டார். அவர் வராவிட்டால் இரண்டாவது ரயில் ஓடாது. இந்த முடிச்சை அவிழ்க்க, நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் புறப்படும் ரயிலை ஓட்டுவதே நடைமுறையில் பலன் தந்த வழி. அதன் நட்டத்தை ஓர் ஆண்டேனும் தாங்கும் பணத்தைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நிலையான அளவில் சரக்கு தரும் ஒரு பெரிய வாடிக்கையாளரை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்து, ரயிலில் மிஞ்சும் இடத்தைப் பெட்டி பெட்டியாகச் சிறு வணிகர்களுக்கு விற்கலாம். காலியாக இருக்கும் கையாளும் பாதையில் எஃகுச் சுருள், மரம், கட்டுமானக் கல் போன்ற கன்டெய்னர் அல்லாத சரக்குகளை இடைக்காலத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கான ஒப்பந்தங்களைக் குறுகிய காலத்துக்கே எழுத வேண்டும். இல்லையெனில் கன்டெய்னர் ரயில்கள் வரும் நாளில் அவை நிற்பதற்குப் பாதை இருக்காது.